‘ரிட்டர்ன் கிடையாது’ என்று போட்டுவிட்டால் போதுமா? பழைய பொருளை ஆன்லைனில் விற்பவர்கள் யோசிக்க வேண்டியது

பொங்கல் லீவு முடிந்து சென்னைக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதன்கிழமை மதியம் அப்பாவிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிறவர் வாரத்தின் நடுவில் கூப்பிட்டால் மனசு ஒரு நிமிஷம் எங்கெங்கோ போய்விடும்.

“ஏப்பா, நீ வித்த லேப்டாப்ப வாங்குனவரு வீட்டுக்கு வந்திருக்காரு. பணத்தத் திருப்பிக் கேக்குறாரு. என்ன சொல்லட்டும்?”

சோழபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அந்த அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். லீவில் ஊருக்கு வந்திருந்தபோது நான் போட்ட விளம்பரத்தைப் பார்த்து சாட்டில் பேசினார். ராஜபாளையத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். லேப்டாப் ஆன் ஆகிறதா, கீபோர்டு வேலை செய்கிறதா என்று பத்து நிமிடம் பார்த்தார். 18,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பிவிட்டு வாங்கிக்கொண்டு போனார். சென்னையில் முகம் தெரியாத ஆளிடம் விற்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். நம்ம பக்கத்தில் அப்படி இல்லை. ஊர் பெயரும் அப்பா வேலை பார்த்த மில் பெயரும் தெரிந்தால் போதும், மறுநாள் வீட்டு வாசலில் நிற்கலாம்.

அப்பா போனை அவரிடம் கொடுத்தார். “பேட்டரி மூணு மணி நேரம் நிக்கும்னு போட்டிருந்தீங்க தம்பி. ஒண்ணேகால் மணி நேரத்துல ஆஃப் ஆயிருது. பிள்ள கிளாஸ் பாக்க முடியல. பணத்தக் குடுத்துருங்க. இல்லன்னா சைபர் கிரைம்ல கம்ப்ளெயின்ட் குடுக்க வேண்டியதுதான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அண்ணாச்சி, விளம்பரத்துலயே ரிட்டர்ன் கிடையாதுன்னு போட்டிருக்கேன். பாத்துத்தான வாங்குனீங்க?” என்றேன். பேச்சு தடித்தது. கடைசியில் போனை வாங்கிய அப்பா, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, தணிந்த குரலில் சொன்னார்: “நீ எழுதுனதத்தானப்பா அவரு கேக்குறாரு?”

அன்று ராத்திரி என் விளம்பரத்தை நானே மறுபடி படித்தேன். ‘பேட்டரி 3 மணி நேரம் நிற்கும்.’ வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, வெறும் டைப்பிங் மட்டும் செய்யும் எனக்கு அது நின்றது. வீடியோ ஓடினால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று நான் பார்த்ததே இல்லை.

பழைய பொருள் விற்கிற நம்மில் பலரும் ‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற இரண்டு வார்த்தையைக் கவசம் என்று நினைக்கிறோம். அது கவசம் இல்லை. நம்மைக் காப்பாற்றுவது, பொருளைப் பற்றி நாம் எழுதிய மற்ற வரிகள்தான். மாட்டிவிடுவதும் அதே வரிகள்தான்.

விற்கிறவர் தனிநபரா, வியாபாரியா?

சட்டம் முதலில் கேட்பது இதைத்தான். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், ஆன்லைன் சந்தையில் விற்பவர்களுக்குக் கறாரான ஒரு கடமையை வைக்கின்றன. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லை என்றாலோ, திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது.

ஆனால் அதே விதிகளில் ஒரு விலக்கும் உண்டு. தொழிலாகவோ தொடர்ச்சியாகவோ இல்லாமல், தனிப்பட்ட முறையில் ஒருவர் செய்யும் காரியத்துக்கு அவை பொருந்தாது. வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப்பை, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சைக்கிளை விற்பவர் இந்த விலக்குக்குள் வருவார். மாதம் நாலு பழைய போன் வாங்கி, ஸ்கிரீன் மாற்றி, லாபம் வைத்து விற்பவர் வரமாட்டார். ‘வேலை நேரம் போக பார்ட் டைமாத்தான் பண்றேன்’ என்பது அங்கே பதில் ஆகாது.

சரி, நாம் தனிநபர்தான். அப்படியானால் கேட்பாரே இல்லையா? இருக்கிறார்கள். 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் தனிநபருக்கும் பொருந்தும். வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவில் இருக்கும் பொது விதி. பழைய பொருள் விற்பவர்களுக்குச் சாதகமான விதி இது. ஆனால் அதற்கு முந்தைய 15-வது பிரிவு, விவரித்துச் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரிப்போடு பொருந்தியே ஆக வேண்டும் என்கிறது. ஆன்லைன் விளம்பரம் முழுக்க முழுக்க விவரிப்புதானே?

‘நான் வேணும்னு பொய் சொல்லலியே’ என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். ஒப்பந்தச் சட்டத்தின் 18-வது பிரிவு அதற்கும் பதில் வைத்திருக்கிறது. தனக்கு உறுதியாகத் தெரியாத, உண்மை அல்லாத ஒன்றை, உண்மை என்று நம்பியே ஒருவர் அடித்துச் சொன்னாலும் அது தவறான தகவல்தான். அதை நம்பி வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இதற்கும் ஒரு எல்லை உண்டு: சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் அந்த உரிமை கிடையாது. ஸ்கிரீனில் இருக்கும் கீறலை டீக்கடையிலேயே பார்த்திருக்க முடியும். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதைப் பத்து நிமிடத்தில் பார்க்க முடியாது. என் வழக்கில் அண்ணாச்சி பக்கம்தான் காற்று வீசியது.

குதிரையும் ப்ளூ டிக்கும்

சொன்னது தவறாகிப்போனால் பொறுப்பு. சொல்லாமலேயே விட்டால்? இதற்கு ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் சட்டம் எழுதியவர்களே குதிரையை வைத்து உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், ‘நீங்கள் இல்லை என்று மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்’ என்று சொல்லி, விற்பவர் அப்போதும் பேசாமல் இருந்தால், அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

குதிரை இருந்த இடத்தில் போனை வைத்துப் பாருங்கள். ‘போன் தண்ணில கிண்ணில விழலையே ப்ரோ? விழுந்திருந்தா இப்பவே சொல்லிருங்க’ என்று ஒருவர் மெசேஜ் போடுகிறார். நீங்கள் பார்த்துவிட்டீர்கள், ப்ளூ டிக்கும் விழுந்துவிட்டது. பதில் போடாமல் ‘எப்ப வர்றீங்க?’ என்று மட்டும் கேட்கிறீர்கள். 150 வருஷத்துக்கு முந்தைய குதிரைக்காரர் நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவதே நல்லது. ‘எனக்குத் தெரியல, நான் செகண்ட் ஹேண்டா வாங்குனேன்’ என்பதுகூட நேர்மையான பதில்தான்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய விநோதம் இல்லை. ஜெர்மனியில் பழைய பொருள் விற்கும் தனிநபர்கள், ‘உத்தரவாதம் இல்லை, திரும்ப எடுக்க மாட்டேன்’ என்று விளம்பரத்தின் கடைசியில் எழுதுவது வெகு சகஜம். அந்த வரி அங்கே செல்லுபடியும் ஆகும். ஆனால் தெரிந்தே குறையை மறைத்திருந்தால், அந்த நாட்டு சிவில் சட்டத்தின் 444-வது பிரிவின்படி அந்த வரியின் பின்னால் ஒளிய முடியாது. எந்த ஊராக இருந்தாலும் நியாயம் கிட்டத்தட்ட இதுதான்.

எல்லா ரீஃபண்டும் ஒன்றல்ல

ஒருவர் ‘பணத்தத் திருப்பிக் குடுங்க’ என்கிறபோது அவர் எந்தக் காரணத்துக்காகக் கேட்கிறார் என்று பிரித்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தெளிந்துவிடும்.

முதல் வகை: பொருள் சொன்னபடி இல்லை. 8 ஜிபி என்று எழுதியது 4 ஜிபியாக இருக்கிறது. ஒரிஜினல் ஸ்கிரீன் என்றது மாற்றிய ஸ்கிரீன். இங்கே விவாதமே வேண்டாம். பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள், அல்லது வித்தியாசத்துக்கு விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது வழிக்கும் சட்டத்தில் இடம் உண்டு. பொருளை வைத்துக்கொண்டே விலையில் குறைக்கக் கேட்கலாம் என்கிறது விற்பனைச் சட்டத்தின் 59-வது பிரிவு. பல சண்டைகள் சுமுகமாக முடிவது இந்தப் பாதையில்தான்.

இரண்டாவது வகை: கொடுக்கும்போது நன்றாக இருந்தது, பிறகு கெட்டுவிட்டது. மூன்று மாதம் கழித்து ‘மதர்போர்டு போயிருச்சு’ என்று வருவார்கள். நீங்கள் உத்தரவாதம் கொடுக்கவில்லை, தெரிந்த குறை எதையும் மறைக்கவில்லை என்றால், பணம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய பொருளின் விலை குறைவாக இருப்பதே இந்த ஆபத்தையும் சேர்த்துத்தான். பொருளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நியாயமான காலத்துக்குள் ‘வேண்டாம்’ என்று சொல்லாதவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டமும் கருதுகிறது.

மூன்றாவது வகை: மனசு மாறிவிட்டது. ‘வீட்ல வேணாங்கிறாங்க’, ‘வேற இடத்துல 2,000 கம்மியா கெடைக்குது’. பெரிய கம்பெனிகள் தரும் ஏழு நாள், பத்து நாள் ரிட்டர்னுக்கு நாம் பழகிவிட்டோம். அது அந்தக் கம்பெனிகள் தங்கள் கொள்கையாகத் தரும் வசதி. தனிநபரிடம் அதை உரிமையாகக் கேட்க முடியாது. ‘மன்னிச்சுக்கங்க, முடியாது’ என்று மரியாதையாக ஒரு முறை சொன்னால் போதும். விளக்கிக்கொண்டே போனால், பேரத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று அவர் நினைப்பார்.

நான்காவது வகை: ரீஃபண்ட் வேடத்தில் வரும் மோசடி. அதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

புகார் வந்ததும் செய்யக் கூடாதது, நான் செய்ததுதான்: போனிலேயே சண்டை. கோபத்தில் பேசியது எதுவும் பதிவாக இருக்காது. பதிவாக இருந்தால் அது உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும். ‘விவரத்தை மெசேஜ்ல அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்’ என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

அடுத்து, வீடியோ கேளுங்கள். குறை என்ன என்பதும், பொருளின் சீரியல் நம்பரும் ஒரே வீடியோவில் தெரிய வேண்டும். போனாக இருந்தால் *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண் தெரிய வேண்டும். அது உங்கள் பொருள்தானா என்பது முதலில் உறுதியாக வேண்டாமா?

பிறகு உங்கள் விளம்பரத்தையும் சாட்டையும் வாங்கியவர் கண்ணால் படியுங்கள். நீங்கள் சொன்ன ஒன்று அங்கே பொய்யாகிவிட்டதா? ஆம் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால், ‘இந்தத் தேதியில் இந்தக் குறையை உங்களுக்குச் சொன்னேன், போட்டோவும் அனுப்பினேன்’ என்று ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு பதில் போடுங்கள். ஒரே ஒரு பதில், நிதானமான மொழியில்.

திரும்ப எடுப்பது என்று முடிவானால் வரிசை முக்கியம். பொருள் முதலில் கைக்கு வர வேண்டும், பிறகுதான் பணம். ஒப்பந்தத்தை ரத்து செய்பவர் தான் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 64-வது பிரிவு. எனவே ‘மொதல்ல பணத்தப் போடுங்க, நாளைக்கு கொரியர் பண்றேன்’ என்பதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை. முடிந்தால் நேரில் வாங்குங்கள். சீரியல் நம்பரைச் சரிபாருங்கள். போனாக இருந்தால் அவருடைய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் முன்னாலேயே வெளியேறச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் ரீசெட் அடித்துக் கொடுத்தால், பழைய கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் அந்த போன் திறக்காது. வெறும் கல்.

பணத்தை எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ‘மச்சான் நம்பருக்குப் போட்டு விடுங்க’ என்றால் முடியாது என்று சொல்லுங்கள். கடைசியாக இரண்டு வரி: ‘இன்ன பொருளைத் திரும்பப் பெற்று இவ்வளவு ரூபாய் அனுப்பிவிட்டேன், இதோடு விவகாரம் முடிந்தது.’ அவர் ‘சரி’ என்று பதில் போட வேண்டும். அந்தச் சாட்டை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்தால் போதாது. மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்க, 2023-ம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு சான்றிதழ் கேட்கிறது. ஒரிஜினல் உரையாடல் போனில் இருப்பது உங்களுக்குப் பலம்.

‘சைபர் கிரைம்ல குடுத்துருவேன்’

இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து, தப்பே செய்யாதவர்கள் பணத்தைக் கொடுத்துவிடுவதும் உண்டு. தப்புச் செய்தவர்கள் ‘போய்க் குடு, பாத்துக்கலாம்’ என்று மார்தட்டுவதும் உண்டு. இரண்டுமே சரியில்லை.

பேட்டரி சொன்னதைவிடக் குறைவாக நிற்கிறது என்பது பொதுவாக சிவில் விவகாரம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 420 என்று நாம் அறிந்த ஏமாற்றுக் குற்றம், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவாக இருக்கிறது. அந்தக் குற்றத்துக்கு, தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வெறும் ஒப்பந்த மீறலையும் ஏமாற்றையும் பிரிப்பது அந்தத் தொடக்க எண்ணம்தான் என்று, ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சொன்னதில் ஒரு பிசகு இருந்தது என்பதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள்.

ஆனாலும் அலட்சியம் வேண்டாம். ஆன்லைன் பண மோசடிக்கான 1930 உதவி எண்ணில் ஒரு புகார் பதிவானால், பணம் போன கணக்கைத் தேடி வங்கிக்குத் தகவல் போகும். அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி வங்கி பிடித்துவைக்கலாம். வங்கி மொழியில் இதற்கு ‘லியன்’ என்று பெயர். சில சமயம் கணக்கே முடங்கிவிடுவதும் உண்டு. சம்பளக் கணக்கில்தான் இந்தப் பணத்தையும் வாங்கியிருந்தால், மாதக் கடைசியில் வாடகையும் இஎம்ஐயும் நின்றுபோகும். புகார் நியாயமா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான் விசாரணைக்கு வரும்.

உங்கள் மேல் கோபமே இல்லாமலும் இது நடக்கலாம். உங்களிடம் வாங்கியவர் வேறு யாரையோ ஏமாற்றிய பணத்தை உங்களுக்கு அனுப்பியிருந்தால், பணம் போன பாதையைப் பின்தொடர்ந்து வருகிறவர்கள் உங்கள் கணக்கிலும் வந்து நிற்பார்கள். எனவே ஒவ்வொரு விற்பனைக்கும் ஐந்து விஷயங்களை ஒரு போல்டரில் போட்டு வையுங்கள்: விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், முழு உரையாடல், பொருளைக் கொடுத்தபோது எடுத்த போட்டோ, பழைய பில், யுபிஐ பரிவர்த்தனை எண். கணக்கு முடங்கினால், எந்தப் புகார் எண்ணில், எந்தக் காவல் நிலையத்திலிருந்து கோரிக்கை வந்தது என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். இந்த ஐந்தையும் அந்த அதிகாரிக்கு அனுப்புங்கள். உண்மையான விற்பனை என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது இவைதான்.

பேசித் தீராத விவகாரத்துக்கு வழக்கு மட்டும்தான் வழி என்றும் இல்லை. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசம் பேச அங்கே இடம் உண்டு. இலவச சட்ட உதவி எண் 15100. லோக் அதாலத்தில் முடிந்த விஷயத்துக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டணமும் கிடையாது. 18,000 ரூபாய் தகராறுக்கு வருஷக்கணக்கில் கோர்ட் வாசல் ஏறுவதைவிட, அரை நாள் உட்கார்ந்து பேசுவது இரண்டு பேருக்குமே மலிவு.

ரீஃபண்ட் வேடத்தில் வரும் மோசடி

சில கோரிக்கைகளுக்குப் பின்னால் வாங்குகிறவரே இருக்க மாட்டார். இரண்டு வகையை மட்டும் சொல்கிறேன்.

‘5,000க்குப் பதிலா 15,000 அனுப்பிட்டேன் சார், மிச்சத்தத் திருப்பி விடுங்க.’ கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட், வங்கி அனுப்பியது போலவே ஒரு எஸ்எம்எஸ். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். வந்திருக்கவில்லை என்றால் பேச்சு முடிந்தது. உண்மையாகவே வந்திருந்தால்கூட, அவர் சொல்லும் வேறு நம்பருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் வங்கிக்குத் தெரிவித்து, வந்த கணக்குக்கே திரும்பப் போகும்படி கேளுங்கள். வேறு கணக்குக்குப் போட்டுவிட்டால், திருட்டுப் பணத்தைக் கைமாற்றிய ஆள் நீங்கள் என்று ஆகிவிடும்.

இன்னொன்று, ‘பணம் அனுப்பியிருக்கேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, வந்துரும்.’ ராணுவத்தில் இருக்கிறேன், டிரான்ஸ்பர் ஆகிவிட்டது என்று அடையாள அட்டை படம் அனுப்பி இப்படிப் பேசியவர்களிடம் நாடு முழுக்க ஏமாந்தவர்கள் உண்டு. மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையில்லை. பின் கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம்.

நடுவர் இல்லாத சந்தை

ஒரு காலத்தில் நம் நாட்டிலும் நடுவர் இருந்தார். பாஸி டாட் காம் தளத்தை 2004-ல் வாங்கிய ஈபே, இந்தியாவில் ‘பைசாபே’ என்ற ஏற்பாட்டை நடத்தியது. வாங்குபவரின் பணம் நேராக விற்பவருக்குப் போகாது. நடுவில் ஈபே பிடித்துவைத்து, பொருள் போய்ச் சேர்ந்த பிறகு விற்பவருக்குக் கொடுக்கும். ஃபிளிப்கார்ட் கைக்குப் போன ஈபே இந்தியா தளம் 2018 ஆகஸ்ட்டில் மூடப்பட்டது. வரி விளம்பரத் தளங்களிலும் சமூக ஊடகச் சந்தைகளிலும் இன்று நாம் செய்வது இரண்டு தனிநபர்கள் நேருக்கு நேர் செய்யும் வியாபாரம். யுபிஐயில் பணம் நொடியில் போய்விடும். பொருள் சரியில்லை என்ற காரணத்துக்காக வங்கி அதைத் தானாகத் திருப்பி எடுத்துத் தராது.

வாங்குகிறவர் எடுத்த எடுப்பில் ‘சைபர் கிரைம்’ என்று கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் போய் முறையிட வேறு இடம் இல்லை. விளம்பரத்தில் சம்பாதிக்கும் தளங்கள், சிறிய கட்டணம் வாங்கிக்கொண்டாவது இரண்டு நாள் பணத்தைப் பிடித்துவைக்கும் வசதியைத் தர வேண்டும் என்பது என் கருத்து. வாங்குகிறவருக்கு நிம்மதி, விற்கிறவருக்கும் நிம்மதி. அது வரும்வரை, நாம் எழுதும் விளம்பரமே நடுவர்.

அந்த நடுவரை நன்றாக எழுதுவது பெரிய வேலை இல்லை. வாங்கிய வருஷம், மாடல், பில் இருக்கிறதா என்று எழுதுங்கள். ‘சூப்பர் கண்டிஷன்’, ‘புதுசு மாதிரி’ என்ற வார்த்தைகளை விடுங்கள். ஒவ்வொருவருக்கும் அதற்கு ஒவ்வொரு அர்த்தம். அளந்ததை மட்டும் அளந்தபடி சொல்லுங்கள்: ‘வீடியோ ஓடவிட்டுப் பார்த்தேன், 1 மணி 15 நிமிடம் நின்றது.’ குறைகளுக்குத் தனி போட்டோ போடுங்கள். ‘இதற்கு மேல் எனக்குத் தெரிந்த குறை இல்லை. எடுத்த 2 நாளுக்குள் சோதித்துச் சொல்லலாம், அதற்குப் பிறகு ரிட்டர்ன் இல்லை’ என்று எழுதுங்கள். வெறும் ‘ரிட்டர்ன் கிடையாது’ என்பதைவிட இதற்கு எடை அதிகம். கொஞ்சம் விலை குறையும்தான். ஆனால் அந்தக் குறைந்த விலை கையிலேயே நிற்கும்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. போன் என்றால் பணம் கொடுக்கும் முன்பே, ‘கேஒய்எம்’ என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைப் போட்டு, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். அந்த எண் தடை செய்யப்பட்டதா என்று தெரிந்துவிடும். டீக்கடைப் பத்து நிமிடத்தை அரை மணி நேரம் ஆக்கினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவே ஒரு தகவல்தான்.

அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு?

மறுநாள் காலையில் நானே அவருக்கு போன் செய்தேன். “அண்ணாச்சி, நேத்து நான் பேசுனது தப்பு. நான் எழுதுனதும் சரியில்ல. வீடியோ ஓட்டிப் பாக்காமலே மூணு மணி நேரம்னு போட்டுட்டேன்” என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இரண்டு வழி சொன்னேன். லேப்டாப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம், புதுப் பேட்டரிக்கு ஆகும் செலவை நான் தருகிறேன்.

மகளைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். பாடமெல்லாம் அதில் ஏற்றிவிட்டாளாம். லேப்டாப்பே இருக்கட்டும் என்றாள். ராஜபாளையத்தில் ஒரு சர்வீஸ் கடையில் பேட்டரி மாற்ற 2,600 ரூபாய் கேட்டார்கள். பில்லை அனுப்பினார். பணம் வந்த அதே கணக்குக்கு அனுப்பினேன். ‘இத்தோட முடிஞ்சது தம்பி’ என்று மெசேஜ் வந்தது. அந்தச் சாட் இன்னும் என் போனில் இருக்கிறது.

2,600 ரூபாய் நஷ்டமா? அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேட்டரியின் உண்மை நிலையை எழுதியிருந்தால் 18,000 கிடைத்திருக்காது. பதினைந்து, பதினைந்தரைக்குத்தான் போயிருக்கும். அந்த 2,600 எனக்கு வர வேண்டிய பணமே இல்லை. போன மாதம் ஊருக்குப் போனபோது பழைய மிக்ஸியை விற்கலாம் என்றேன். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஜார்ல லீக் இருக்குறத எழுதிட்டியா?”